கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஜவுளிக்கடை வாசல்களில் ஒரு பலகை தொங்கும்: "விற்பனைப் பெண்கள் தேவை." முன்பெல்லாம் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். ஆள் கிடைத்ததும் கிழித்துவிடுவார்கள். இப்போது ஃப்ளெக்ஸில் அடித்து, நான்கு மூலையிலும் கம்பி கட்டித் தொங்கவிடுகிறார்கள். கிழிக்கிற எண்ணமே இல்லை. வருஷம் முழுக்க ஆள் வேண்டியிருக்கிறது என்றால் வருஷம் முழுக்க ஆள் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஏன் போகிறார்கள் என்று முதலாளிகளைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டது, ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. போனவர்களைக் கேட்டால் முதலில் காலைத்தான் சொல்கிறார்கள். "நின்னு நின்னு முடியலைங்க." அடுத்தது பாத்ரூம். சம்பளப் பேச்சு அதற்கப்புறம் வருகிறது.

அந்தக் காலுக்காக ஒரு ஸ்டூல் கடைக்குள் வந்த கதை இது. சட்டசபையில் மசோதா கொண்டுவந்துதான் அதைக் கவுண்டருக்குப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ஆனால் நம் ஊரில் உட்கார்ந்து விற்றதுதான் பழைய வழக்கம். நின்றுகொண்டே விற்பது பின்னால் வந்தது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தெருவிலிருந்து இரண்டு படி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜவுளிக்கடைக்குள் நுழைவோம். தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. முதலாளி திண்டில் சாய்ந்து, கல்லாப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பார். சிப்பந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பமும் அதே மெத்தையில் உட்காரும். பெரியவர்களுக்கு சோடாவோ கலரோ வரும். சிப்பந்தியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் அலமாரி. மேல்தட்டில் உள்ளதை எடுக்க மட்டும் ஒரு பையன் எழுந்திருப்பான். சேலையை விரித்து வீசினால் வந்தவர் மடியில் போய் விழும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் இப்படித்தான்.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த மெத்தைக் கடைகளில் பெண்களுக்கு வேலை கிடையாது. ராத்திரி எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று சொல்ல முடியாது. முதலாளியின் வசவுக்கும் குறைவில்லை. ஆனாலும் விற்கிறவர் தலையும் வாங்குகிறவர் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தன. உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியைப் பார்த்து "மரியாதை தெரியாதவன்" என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெத்தையைச் சுருட்டி எடுத்தது கண்ணாடிக் கவுண்டர். அது பிறந்த இடம் ஐரோப்பா. பாரிஸில் 1852-ல் அரிஸ்டைட் பூசிகோ என்பவர் 'போன் மார்ஷே' என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்து, அதைப் பல பிரிவுகள் கொண்ட பேரங்காடியாக மாற்றினார். பேரம் கிடையாது, விலை எழுதி ஒட்டியிருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமலே போகலாம். வருகிறவர் நடந்துகொண்டே பார்க்கிறார் என்றால் காட்டுகிறவர் நின்றுகொண்டுதான் காட்ட வேண்டும். சரக்கு மேலே, மேலே என்று அடுக்கப்பட்டது. மாடிகள் எழுந்தன. விற்பனைக்கு இளம்பெண்கள் வந்தார்கள். கடைக்காரர்களே நடத்திய விடுதியில் தங்கி, அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவை அறிந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தில் காட்டிய வாழ்க்கை, நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் துணிக்கடைகளில் நடந்ததேதான்.

நிற்பது உடம்பை என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேலேறிப் போக வேண்டும். அதற்கு உதவுவது கெண்டைச்சதை. நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி விரிந்து, சிரைகளில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. தள்ளிய ரத்தம் திரும்பிக் கீழே விழாமல் சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவருக்கு அந்தப் பம்பு ஓடுவதில்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது, பாதம் வீங்குகிறது, வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கிய வால்வுகள் தளர்கின்றன. கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் புடைத்துச் சுருண்டு கிடக்குமே, நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது, அதில் ஒரு பகுதி இந்தக் கணக்குத்தான். வயல்வேலை செய்கிறவளும் நாளெல்லாம் காலில்தான் நிற்கிறாள். ஆனால் அவள் நடக்கிறாள், குனிகிறாள், குந்துகிறாள், வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். கவுண்டர்ப் பெண்ணுக்கு இரண்டு டைல்ஸ் அகலம்தான் உலகம்.

மேல்நாட்டிலேயே இதை முதலில் உணர்ந்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1881-லேயே வேலைசெய்யும் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரிட்டனில் 1899-ல் கடைச் சிப்பந்திகளின் இருக்கைக்காகவே தனிச்சட்டம் போட்டார்கள்: மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை. மூன்று பேருக்கு ஒன்று என்பதை எந்தக் கணக்கில் போட்டார்களோ! அதோடு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இருக்கை வந்தது, உட்கார்ந்தவளுக்கு வேலை போனது. சட்டத்துக்காக வைத்த ஸ்டூலில் உட்காரக்கூடாது என்பது எழுதாத விதியாக இருந்தது. பதினான்கு வயதில் பிரைட்டன் நகரத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற பெண் இந்தக் கடைகளின் உள்விவகாரங்களைப் புனைபெயரில் எழுதினார். பின்னாளில் 1929-ல் அவர்தான் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர். அந்நாட்டு மந்திரிசபையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே.

இதெல்லாம் இரக்கத்தின் பேரில் வந்தவை. உட்கார இடம் கொடுத்தால் ஆள் தங்குவார்களா என்ற கேள்விக்கு விடை வேறொரு இடத்தில் கிடைத்தது. 1923-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு நூற்பாலை. மற்றப் பிரிவுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் வேலையை விட்டால், மியூல் என்ற நூற்பு இயந்திரப் பிரிவில் மட்டும் 250 சதவீதம். ஓர் இடத்துக்கு ஒரே வருஷத்தில் இரண்டு, மூன்று பேர் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். நிர்வாகம் ஊக்கத்தொகைத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து பார்த்தது. பணத்துக்கு யாரும் மசியவில்லை. எல்டன் மேயோ என்ற ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிரிவில் நாள் முழுக்க இயந்திர வரிசைக்கு நடுவே மேலும் கீழும் நடந்து அறுந்த நூலை முடிய வேண்டும், பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது என்பதை அவர் பார்த்தார். தொழிலாளர்கள் அவரிடம் சொன்னதும் கால் வலியைத்தான்!

மேயோ செய்தது சின்ன விஷயம். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, பத்து நிமிஷம் ஓய்வு. அந்த நேரத்தில் படுத்துக்கொள்ளவும் வசதி. ஆட்கள் தங்கத் தொடங்கினார்கள், உற்பத்தியும் ஏறியது. நடுவில் அவசர ஆர்டர் வந்தபோது மேஸ்திரிகள் ஓய்வை நிறுத்திப் பார்த்தார்கள். பழைய நோய் திரும்பியது. ராணுவத்தில் கர்னலாக இருந்த முதலாளி, பத்து நிமிஷம் இயந்திரத்தையே நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார். அந்தப் பிரிவில் வேலையை விடுவோர் கணக்கு மற்றப் பிரிவுகளின் அளவுக்கு இறங்கியது. மேயோவின் பெயர் பின்னால் வேறு ஆய்வுகளால் பிரபலமானது, அவை மேல் நிறைய சண்டையும் உண்டு. எனக்கு இந்தப் பிலடெல்பியா கதைதான் பிடித்திருக்கிறது. மேஸ்திரி கையில் விட்டால் ஓய்வு நிலைக்காது, முதலாளி இயந்திரத்தை நிறுத்தினால்தான் நிலைக்கும் என்ற இடம் குறிப்பாக.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. வேலை நேரம், வார விடுமுறை, தூய்மை, காற்றோட்டம், தீத்தடுப்பு எல்லாம் அதில் உண்டு. இருக்கை இல்லை. அடுத்த வருஷமே டெல்லியில் தொழிற்சாலைகள் சட்டம், 1948. அதன் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, இடையில் கிடைக்கும் ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ளத் தக்க இருக்கை வசதி வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்று சுற்றியுள்ள பிரிவுகளும் வரிசையாகச் சொல்லிவந்தன. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-ல் ஓடத் தொடங்கியபோது, அங்கே வேலைக்குப் போனவருக்கு இந்த உரிமைகள் காகிதத்திலாவது இருந்தன. அதே ஊர்க் கடைவீதியில் துணி விற்றவருக்குக் காகிதத்திலும் இல்லை. கூலி ஆள் என்றால் ஆலைக்குள் இருப்பவர் என்று நினைத்த காலம் அது. கடைக்காரப் பையன், வீட்டுப்பிள்ளை மாதிரி வளர்ந்து ஒருநாள் தானும் கடை வைப்பான் என்ற எண்ணம். நாலு மாடி, எட்டு லிப்ட், முந்நூறு சிப்பந்தி என்று கடைகள் ஆலையாகவே மாறிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

மாற்றம் மேற்கேயிருந்து, கோழிக்கோட்டிலிருந்து வந்தது. அங்கே மிட்டாய்த் தெரு என்று புகழ்பெற்ற கடைவீதி. அதில் வேலை பார்த்த பெண்களுக்குப் பல கடைகளில் கழிப்பறை கிடையாது. பக்கத்து ஓட்டல்களை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரே குடிக்காமல் இருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இதனால் வந்த தொழில்நோய். விஜி என்ற தையல்காரப் பெண் 2009-ல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. அடுத்தது நாற்காலி. 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள், 'இருப்புச் சமரம்' என்று பெயர் வைத்துக் கடைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உட்கார விடு என்று கேட்பதற்கு உட்கார்ந்தே போராட்டம். நூறு நாளைத் தாண்டி நடந்தது. 2018-ல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியும் இருந்தார்.

தமிழ்நாட்டில் வந்த வழி இவ்வளவு சூடானது அல்ல. 2019 செப்டம்பர் 4 அன்று மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் இந்தக் கோரிக்கை வைக்கப்பட்டு, ஒருமனதாக ஏற்கப்பட்டது. பிறகு கொரோனா, தேர்தல், ஆட்சி மாற்றம். 2021 செப்டம்பர் 6 அன்று அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். அவர் திட்டக்குடித் தொகுதிக்காரர். வெள்ளாற்றைத் தாண்டினால் நம் பக்கம். 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு புதிதாக நுழைந்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் தக்க இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து, நாள் முழுக்க நிற்பதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரியும். ஆலையிலிருந்து கடைவீதிக்கு வர அந்த வாசகத்துக்கு 73 வருஷம் பிடித்திருக்கிறது.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். இங்கே 'வேலையை விட்டுப் போவது' என்பதன் பொருளே இத்தனை காலம் வேறாக இருந்தது. பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-ல் கடைசியாகப் பிரிந்தது. மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஒருபக்கம், முந்திரியும் சுண்ணாம்புக்கல்லும் இன்னொருபக்கம். சிமெண்ட் ஆலைகள், எறையூர் சர்க்கரை ஆலை, பிறகு நாரணமங்கலத்தில் வந்த டயர் ஆலை இவையெல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கான வேலைகள். பெண்களுக்கு என்றால் பருத்தி எடுக்க, வெங்காயத் தாள் அறுக்க, முந்திரி உடைக்க. படித்த பெண் வேலைக்குப் போக நினைத்தால் கடைவீதி, இல்லையென்றால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ். கடைவேலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத ஊரில் முதலாளி ஏன் ஸ்டூல் போடுவார்? போனவளுக்குப் பதிலாக நாளைக்கு இன்னொருத்தி ஏதோ ஒரு கிராமத்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

அந்தக் கணக்கு எறையூரில் மாறத் தொடங்கியது. 2022-ல் தமிழ்நாடு அரசு காலணி, தோல்பொருள் துறைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு அங்கே க்ராக்ஸ் செருப்பு தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. 2024 நவம்பர் 15 அன்று ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனத்துக்கு அடிக்கல். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. நிலக்கரி மின்நிலையம் வரும் வரும் என்று தொண்ணூறுகளில் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஊர் அது, ஆகவே அறிவிப்பைக் கேட்டதும் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனால் காலணித் தொழிலில் பெண்கள்தான் பெரும்பான்மை. செய்யாறு சிப்காட்டில் இது ஏற்கெனவே நடந்து பார்த்தாகிவிட்டது.

க்ராக்ஸ் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நுரை போன்ற பொருளை அச்சில் செலுத்தி வார்க்கும் கனமில்லாத செருப்பு அது. வெளிநாடுகளில் அதை விரும்பி வாங்குகிறவர்களில் நர்சுகளும் ஓட்டல் சமையல்காரர்களும் முக்கியமானவர்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களின் கால் வலிக்காக உலகத்துக்கே எறையூரிலிருந்து செருப்பு போகிறது. அரை மணி பஸ் பயணத்தில் இருக்கும் கடைவீதியில் வெறுங்காலோடு டைல்ஸ் மேல் நிற்கிறார்கள், ஏனென்றால் பல துணிக்கடைகளில் சிப்பந்திகள் செருப்புப் போடக்கூடாது.

ஆலைக்குப் போனால் கால் வலி தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காலணி ஆலையில் மேல்பாகம் தைக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அடிப்பாகம் ஒட்டி அழுத்தும் வரிசையிலும் வார்ப்பு இயந்திரத்திலும் நிற்பவர்களே அதிகம். உட்கார்ந்தே இருப்பதும் வரம் அல்ல. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் எட்டு மணி நேரம் குனிந்து தைத்த திருப்பூர்ப் பெண்களின் முதுகைக் கேட்டால் தெரியும். உடம்பு கேட்பது மாறி மாறி இருப்பதை: கொஞ்சம் நின்று, கொஞ்சம் உட்கார்ந்து, கொஞ்சம் நடந்து. சட்டம் 'தக்க இருக்கை' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. எவ்வளவு உயரம், சாய்மானம் உண்டா, எத்தனை பேருக்கு எத்தனை என்பதெல்லாம் கடைக்காரர் விருப்பம்.

ஆலைக் கேட்டுக்கு வெளியே உள்ளதும் வேலையிடத்தில் சேர்ந்ததுதான் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை அடுத்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலைக்குள் ஐபோன் தூசி படாத அறையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர்கள் தங்கிய இடத்தில் நெரிசலும் கெட்ட சாப்பாடும். ஆலை மூடப்பட்டு ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் மூலம் திறக்கப்பட்டது. சாலை மறியலுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடுவே நேர்க்கோடு போட்டுவிட முடியாது, விடுதித் திட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தொழிலாளி தூங்குமிடம் உற்பத்தியைச் சேர்ந்த விஷயம் என்று பெரிய நிறுவனங்களும் அரசும் ஒருசேர ஒப்புக்கொண்ட தருணம் அது.

எறையூரும் ஜெயங்கொண்டமும் இந்த விஷயத்தில் ஸ்ரீபெரும்புதூரைவிட அதிர்ஷ்டம் செய்தவை. வேலைக்கு வருகிறவள் தூரதேசத்துப் பெண் இல்லை. வேப்பூர், குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என்று சுற்று வட்டாரத்துக்காரி. ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிட்டு வீட்டில் படுப்பாள். அவளுக்குப் பிரச்சினை பஸ்ஸும் பிள்ளையும். ஆலை வண்டி ஊருக்குள் வருமா, முக்குரோட்டில் இறக்கிவிடுமா? ஒன்றரை வயசுப் பிள்ளையை யாரிடம் விடுவது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம், ஐம்பது தொழிலாளிக்கு மேல் உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்கிறது. பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்த பழைய கணக்கு போய், ஆணும் பெண்ணும் சேர்ந்த கணக்கு வந்திருக்கிறது. நல்ல திருத்தம். பிள்ளை அப்பாவுக்கும் சொந்தம் என்று சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது.

கடைவீதிக்கு வருவோம். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு ஸ்டூல் எங்கே? இருக்கிறது. பல கடைகளில் பார்த்திருக்கிறேன். அதன்மேல் நைட்டி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். சில இடங்களில் கண்காணிப்பாளர் கைப்பை. தொழிலாளர் துறை ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்கு ஸ்டூல் உண்டு, எண்ணிக்கையும் சரியாக இருக்கும். "உட்கார விடறாங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டால், ஃப்ளோர் மேனேஜர் பக்கத்திலேயே நிற்கும்போது அந்தப் பெண் "உட்கார்றோம் சார்" என்றுதான் சொல்வாள். லண்டனில் 1899-ல் நடந்த அதே கூத்து.

எல்லாவற்றையும் முதலாளியின் கெட்ட மனசு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. ஒரு கடைக்காரர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கவுண்டருக்கும் பின் அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு இடம். "ஸ்டூலப் போட்டா இன்னொரு பொண்ணு எப்படிங்க தாண்டிப் போவும்?" என்றார். நியாயமான கேள்வி. சதுர அடிக்கு இத்தனை சரக்கு என்று கணக்குப் போட்டு, கவுண்டரை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளியபோதே ஸ்டூலுக்கான இடம் போய்விட்டது. கட்டடம் 'உட்காராதே' என்று சொல்லும்போது சட்டம் 'உட்கார்' என்று சொல்லி என்ன பயன்? தச்சரிடம் சொல்லிக் கவுண்டரின் உள்பக்கத்தில் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை அடித்துக்கொள்ளலாமே என்றேன். தியேட்டர் சீட் மாதிரி, எழுந்தால் மடங்கிக்கொள்ளும். அவர் யோசித்தார். "கஸ்டமரு என்ன நெனப்பாங்க?" என்றார். கஸ்டமர் எதுவும் நினைக்கமாட்டார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் கண்ணும் இந்த நாற்பது, ஐம்பது வருஷத்தில் பழகிவிட்டது. உட்கார்ந்திருக்கும் விற்பனைப்பெண்ணைப் பார்த்தால் வேலை செய்யாதவள் என்றே தோன்றுகிறது, மெத்தைக் கடையில் சோடா குடித்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கு.

கட்டி முடித்த கடையில் ஸ்டூலைத் திணிப்பது கஷ்டம். வரைபடத்திலேயே போடுவது சுலபம். சிப்காட்டுகள் வந்த தெம்பில் இரண்டு ஊர்களிலும் புதுக் கடைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்கக் கிடைத்தது. கார் நிறுத்தம் இருந்தது. லிப்ட் இருந்தது. குழந்தைகள் விளையாட ஒரு மூலைகூட இருந்தது, வாங்க வருகிறவர்களின் குழந்தைகள். வேலை செய்கிற எண்பது பேர் எங்கே சாப்பிடுவார்கள், கழிப்பறை எந்த மாடியில் என்று இன்ஜினியரைக் கேட்டேன். வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு தகர ஷெட்டு போட்டுக்கலாம் சார். அது பிளான்ல வராது."